பழைய எம்.ஜி. காருக்கு என்ன விலை?

சென்ற ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் ஒரு நாள், மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் கிளைக்கு எண்பத்தொரு வயதுப் பார்சி அம்மையார் ஒருவர் வந்தார். அவருடைய கணவர் மறைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கணக்குகளைத் தம் பெயருக்கு மாற்றும் படிவங்களில் கையொப்பமிட்டு முடித்தபின், கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேசைமீது வைத்தார். "திக்ரா, இந்த விலை சரிதானா என்று பார்த்துச் சொல்" என்றார். பார்சி முதியவர்கள் தம் பிள்ளை வயதினரை அன்போடு அழைக்கும் சொல் அது.

தாளின் மேல் பழைய கார் வணிகர் ஒருவரின் முத்திரை இருந்தது. 1951ஆம் ஆண்டு எம்.ஜி. டி.டி. கார் ஒன்றையும், "கராஜில் உள்ள பழைய இரும்புச் சாமான்கள் அனைத்தையும்" சேர்த்து ஏழு லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதியிருந்தது. பத்து நாள் கெடு. அதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் விலை செல்லாது.

அம்மையாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. மழைக்காலம் கழிந்து செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன்பின் வீட்டோடு ஓர் ஆள் துணைக்கு வேண்டும். கணவரின் ஓய்வூதியத்தில் பாதிதான் இனி வரும். மகன் கனடாவில், மகள் புனேயில். பிள்ளைகளிடம் கையேந்தாமல் இதையெல்லாம் சமாளிக்க அவரிடம் இருந்த ஒரே பொருள், தாதர் பார்சி காலனியில் அவர் வீட்டு கராஜில் நின்ற அந்தக் கார்தான்.

வங்கியில் டி.டி. என்றால் வரைவோலை. எம்.ஜி. என்றால் தமிழ் வாசகர்களுக்கு இன்னோர் எழுத்தையும் சேர்த்துக்கொண்டு வேறொருவர் நினைவுக்கு வருவார். இங்கே எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1949 இறுதி முதல் 1953 வரை செய்யப்பட்ட இருவர் அமரும் திறந்த விளையாட்டுக் கார்தான் டி.டி. 1,250 கனசென்டிமீட்டர் என்ஜின், 54 குதிரைத்திறன். மொத்தம் 29,664 கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே கப்பலேறியது. இந்தியாவுக்கு வந்தவை கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தில் ஒன்றை அம்மையாரின் கணவர் 1968இல் இன்னொருவரிடமிருந்து 6,500 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். அந்த ரசீதும் பத்திரமாக இருந்தது.

நான் வணிகவியல் படித்தவன். காரைப் பற்றி ஓட்டத் தெரியும் என்பதற்கு மேல் அப்போது ஒன்றும் அறியேன். வங்கி அலுவலர் வாடிக்கையாளரின் சொத்துக்குத் தரகராகக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. ஆகவே, "விலை சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆன்ட்டி. ஆனால் பத்து நாளில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை, அவருக்குத்தான் இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அதற்குப்பின் நடந்தவை, வீட்டில் பழைய கார் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கும் வேறு வாடிக்கையாளர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், அம்மையாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

கணக்கேடு சொல்லும் விலை

கார் என்பது நாளுக்கு நாள் தேயும் சொத்து என்றே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார் எழுபது ஆண்டுகள் கழித்து ஏட்டில் ஒரு ரூபாய் பதினைந்து காசாக நிற்கும். அன்று மாலை சும்மா போட்டுப் பார்த்த கணக்கு இது. காப்பீட்டு நிறுவனங்களின் அட்டவணையும் ஏறக்குறைய இதே போக்கில்தான் செல்கிறது. நான்கு ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு கழித்துவிடுவார்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட ஊர்திக்கு அட்டவணையே இல்லை. காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அம்மையாரின் கணவர் பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காகவே அந்த மதிப்பை ஒன்றரை லட்சம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். வணிகர் ஏழு லட்சம் என்று சொன்னபோது, காப்பீட்டுத் தாளில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் தருகிறேன் என்றுதான் பேச்சைத் தொடங்கினாராம்.

மறுபக்கம் கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில், அமெரிக்காவில் இத்தகைய கார்கள் ஏலத்தில் போன விலையை ரூபாயாக மாற்றி, அதன்மேல் இறக்குமதித் தீர்வையும் கப்பல் கூலியும் கூட்டி, அறுபது லட்சத்துக்குக் குறையாதே என்றார். இதுவும் பிழையான கணக்குத்தான். அமெரிக்காவில் விலைபோவது முழுமையாகச் சீர்செய்யப்பட்ட கார். அங்கே உதிரிப்பாகங்கள் அஞ்சலில் வந்துசேரும். வாங்குவோர் ஆயிரக்கணக்கில் உண்டு. இங்கே அத்தகைய காரை வாங்கும் ஆசையும், நிறுத்த இடமும், மொத்தப் பணத்தையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். மொத்தப் பணம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கிகளின் வழக்கமான பழைய கார் கடன் திட்டங்கள் ஊர்தியின் வயதுக்கு வரம்பு வைத்திருப்பவை. எழுபது ஆண்டு கடந்த காருக்கு அவற்றில் இடம் கிடைக்காது. வாங்குபவர் தம் சொந்தப் பணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

ஆக ஒன்றரை லட்சம், ஏழு லட்சம், அறுபது லட்சம் என்று மூன்று எண்கள். மூன்றுமே காரின் மூடியைத் திறந்து பார்க்காமல் சொல்லப்பட்டவை.

கராஜின் மூலையில் இருந்தது

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர், வயதில் பெரியவர், பழைய பிரிட்டிஷ் கார்களிலேயே கை பழகியவர். அம்மையாரின் வேண்டுகோளின்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காரைப் பார்க்கச் சென்றார். வேடிக்கை பார்க்க நானும் சென்றேன். அவர் முதலில் என்ஜினைத் தொடவே இல்லை. இரு கதவுகளையும் மெல்லத் திறந்து திறந்து மூடினார். இந்தக் காரின் உடல் தகடு மரச் சட்டத்தின்மேல் அறையப்பட்டது. ஆஷ் என்னும் மரம். மும்பை மழையில் மரம் உளுத்திருந்தால் கதவு தொங்கும். தாழ் தன் இடத்தில் பொருந்தாது. பெயின்ட் பூசி எதையும் மறைக்கலாம், கதவின் தொங்கலை மறைக்க முடியாது என்றார். கதவுகள் இரண்டும் சரியாகவே மூடின.

பிறகு ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சேசிஸ் எண்ணைச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணோடு ஒப்பிட்டார். பொருந்தியது. (இந்த நிறுவனத்தின் சேசிஸ் எண்கள் 0251 என்று தொடங்குவது வழக்கமாம், தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதுதான் காரணம் என்று அவர் சொன்னதைப் பின்னர் நானும் படித்து உறுதி செய்துகொண்டேன்.) அடுத்து என்ஜின் மூடியைத் தூக்கினார். ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது அம்பாசிடர் என்ஜின்" என்றார்.

ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்த என்ஜின் எண் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்னும் எழுத்துகளோடு தொடங்கியது. காரில் இருந்த என்ஜினின் எண் முற்றிலும் வேறு. 1970களில் வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் கிடைக்காத நிலையில், நம் நாட்டில் எத்தனையோ பழைய இறக்குமதிக் கார்களுக்கு அம்பாசிடர் அல்லது ஃபியட் என்ஜின் பொருத்தப்பட்டது. வண்டி ஓட வேண்டுமே! கணவர் 1979இல் அதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. என்ஜினை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாத காரை விற்கப் போனால், ஆய்வின்போது எண் பொருந்தவில்லை என்று பெயர் மாற்றம் நின்றுவிடும். அப்படி நின்றுபோனால் வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

அம்மையாரின் முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் ஏழு லட்சமும் கிடைக்காதா?" என்றார். மெக்கானிக் பதில் சொல்லாமல் கராஜின் மூலைக்குச் சென்று, அங்கே குவித்திருந்த பழைய சாமான்களின்மேல் கிடந்த சாக்குகளை ஒவ்வொன்றாக விலக்கினார். கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணி சுற்றிய நிலையில் ஓர் என்ஜின். அதன் பக்கவாட்டில் பித்தளையால் ஆன எண்கோணத் தகடு. துணியால் துடைத்தபோது எண் தெரிந்தது. ஆர்.சி.யில் இருந்த அதே எண்.

கணவர் நாற்பத்தாறு ஆண்டுகளாக அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறார். "ஒவ்வொரு தீபாவளிக்கும் இதைக் காய்லாக்காரனிடம் போடச் சொல்லி நான் சண்டை போடுவேன்" என்றார் அம்மையார். வணிகரின் தாளில் இருந்த "பழைய இரும்புச் சாமான்கள் அனைத்தையும்" என்னும் சொற்களுக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது. அவர் காரைப் பார்க்க வந்தபோது அந்தச் சாக்குகளையும் விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். அவர் செய்தது சட்டப்படி குற்றமில்லை. விற்பவர் அறியாததை வாங்குபவர் அறிந்திருப்பதே அந்தத் தொழிலின் இலாபம். நான் அவர்மேல் கோபப்படவில்லை. ஆனால் அந்தத் தாளை இன்றும் என் நினைவில் வைத்திருக்கிறேன்.

பழைய காரின் விலையில் மூல என்ஜினுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? அதற்கு உணர்வு மட்டும் காரணமன்று. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் காத்திருக்க வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000. ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம்.

சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாமே என்றால் அதற்கும் விலை ஏறிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டு கடந்த இறக்குமதி நான்கு சக்கர ஊர்தியின் பதிவைப் புதுப்பிக்க 80,000 ரூபாய். புதுப்பித்தல் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். வாங்க நினைக்கும் எவரும் இந்த இரு வழிகளையும் எடைபோட்டுத்தான் விலை பேசுவார். அம்பாசிடர் என்ஜின் பொருத்திய எம்.ஜி.க்கு முதல் வழி எளிதில் திறவாது.

செலவு செய்து விற்பதா, அப்படியே விற்பதா?

மூல என்ஜினைச் சீர்செய்து பொருத்த மூன்று லட்சம் ஆகலாம் என்றார் மெக்கானிக். ஆறு மாதம் வேண்டும். அந்த என்ஜினின் திருகுகளில் மரைகள் ஓர் அளவுமுறையிலும் தலைகள் இன்னோர் அளவுமுறையிலும் இருக்குமாம்; கடைத்தெருவில் கிடைக்கும் ஸ்பேனர் எதுவும் பொருந்தாது. பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டும்.

விற்கப் போகும் பொருளுக்கு மேலும் பணம் இறைக்காதே என்பது பொதுவாக நல்ல அறிவுரைதான். புதுப் பெயின்ட், புது இருக்கை உறை, பளபளக்கும் குரோமியம் ஆகியவற்றுக்குச் செலவிட்டவர்கள் அதைத் திரும்பப் பெற்றதை நான் அதிகம் கண்டதில்லை. வாங்குபவர் தமக்குப் பிடித்த நிறத்தைத் தாமே பூசிக்கொள்வார். அண்மையில் பூசிய பெயின்ட் என்றால் அதன் அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்ற ஐயமும் வரும். இங்கே நிலைமை வேறு. இந்தச் செலவு அழகுக்கானதன்று, ஆர்.சி.யில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றாவதற்கானது. அது நடக்காமல் காரைச் சட்டப்படி கைமாற்றவே முடியாது. 1979இல் செய்த மாற்றத்தை இப்போது பதிவு செய்வது இன்னொரு வழி. அதற்குச் செலவு குறைவு. ஆனால் காரின் மதிப்பைத் தாமே எழுத்தில் குறைத்துக்கொள்வதாக ஆகும்.

அம்மையார் ஒரு வாரம் யோசித்தார். மகள் பாதிச் செலவை ஏற்க முன்வந்தார். மழைக்காலத்தில் திறந்த காரை வாங்க யாரும் வரப்போவதில்லை என்பதால், அந்த மாதங்களைப் பட்டறைக்கு விடுவது என்று முடிவாயிற்று. வணிகரின் பத்து நாள் கெடு அமைதியாகக் கழிந்தது. பதினெட்டாம் நாள் அவரே அழைத்து ஒன்பது லட்சம் என்றார்.

அந்த இடைவெளியில் இன்னொரு வேலையும் நடந்தது. கார் மறைந்த கணவரின் பெயரில் இருந்தது. இறந்தவர் பெயரில் உள்ள ஊர்தியை வாரிசு நேராக விற்க முடியாது. முதலில் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்பை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும். அம்மையார் அந்தக் கெடுவைக் கடந்துவிட்டதால் தாமதக் கட்டணம் செலுத்த நேர்ந்தது. மகனும் மகளும் தமக்கு மறுப்பில்லை என்று உறுதிமொழிப் பத்திரம் தந்தார்கள். கனடாவிலிருந்து அது வந்து சேரவே ஏழு வாரம் ஆயிற்று. ஆர்.சி.யிலேயே நியமனதாரரின் பெயரைக் குறிக்கும் வசதி 2021 முதல் உண்டு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. கணவர் அதைச் செய்திருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திராது.

இங்கே வங்கி சார்ந்த குறிப்பு ஒன்று. கடன் வாங்கிக் கார் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்த பின்னும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நின்றுகொண்டிருக்கும். வங்கியின் தடையின்மைச் சான்றையும் கையொப்பமிட்ட படிவம் 35ஐயும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்தால்தான் அது நீங்கும். இருபது ஆண்டுக்கு முன் கடன் கொடுத்த வங்கி இன்று வேறு வங்கியோடு இணைந்திருக்கலாம். அப்போது இணைத்துக்கொண்ட வங்கியைத்தான் அணுக வேண்டும். பழைய கடன் கணக்கைத் தேடி எடுக்க எங்களுக்கும் நாளாகும். வாங்குபவர் வந்து நிற்கும்போது அல்ல, விற்க நினைத்த அன்றே கேளுங்கள்.

விலையைச் சொல்லும் விதம்

செப்டம்பர் இறுதியில் மூல என்ஜின் காருக்குள் அமர்ந்தது. செலவு 3,40,000 ரூபாய். உரிமம் பெற்ற ஊர்தி மதிப்பீட்டாளர் ஒருவர் எழுத்தில் அறிக்கை தந்தார். இருபது லட்சம் என்று மதிப்பிட்டிருந்தார். வின்டேஜ் கார் ஆர்வலர்களின் வட்டம் மும்பையில் சிறியது. ஆண்டுதோறும் பேரணி நடத்தும் சங்கமும் உண்டு. அதில் கணவருக்குப் பழக்கமான இருவரை மகள் அணுகி, அண்மையில் கைமாறிய இத்தகைய கார்கள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று கேட்டறிந்தார். விளம்பரத்தில் கேட்கப்படும் விலை வேறு, கையில் வாங்கிய விலை வேறு. விளம்பரங்களில் மாதக்கணக்காக அசையாமல் நிற்கும் விலை, அந்த விலைக்கு யாரும் வரவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

இவற்றை வைத்து 25 லட்சம் என்று விளம்பரம் செய்வது, 20 லட்சத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்று அம்மையாரும் மகளும் முடிவு செய்தார்கள். அந்த இருபதை ஒரு தாளில் எழுதி உறையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பேரம் நடக்கும் மேசையில் மனிதர் தம் கணக்கை மறந்துவிடுவார் என்பது கடன் பேச்சுவார்த்தைகளில் நான் பலமுறை கண்டது.

விளம்பரத்தில் காரின் குறைகளையும் எழுதினார்கள். கித்தான் கூரை கிழிந்தது, மின் கம்பிகள் பழையவை, வேகமானி சில நேரம் நின்றுவிடும் என்று மூன்று குறைகள். அம்பாசிடர் என்ஜின் நாற்பத்தாறு ஆண்டு ஓடிய கதையையும் மறைக்கவில்லை. இதனால் வெட்டிப் பேச்சுக்கு வருபவர்கள் குறைந்தார்கள். வந்தவர்கள் ஏற்கெனவே அறிந்த குறையைக் காட்டி விலையைக் குறைக்க முடியவில்லை. ஆர்.சி.யின் படத்தையும் சேசிஸ், என்ஜின் எண்களையும் விளம்பரத்தில் போடவில்லை. அவற்றை எடுத்து வேறொருவரிடம் தம் காராகக் காட்டி முன்பணம் பறிப்பவர்கள் உண்டு.

சனிக்கிழமை மாலை வந்த வரைவோலை

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அம்மையார் என்னை அழைத்தார். ஒருவர் காரைப் பார்த்துவிட்டார், பேரமே பேசவில்லை, 25 லட்சத்துக்கு வரைவோலையோடு வந்திருக்கிறார், காரை ஏற்றிச் செல்ல வெளியே லாரியும் நிற்கிறது. கொடுத்துவிடலாமா?

வரைவோலை என்றால் பணம் கையில் வந்தது போலத்தான் என்று நம் தலைமுறை நம்பி வளர்ந்தது. காசோலை திரும்பலாம், வரைவோலை திரும்பாது என்பது உண்மையே. ஆனால் அது உண்மையான வரைவோலையாக இருக்க வேண்டும். போலியா அல்லவா என்பதை வழங்கிய வங்கியிடம் கேட்டால்தான் உறுதியாகும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எந்தக் கிளையிலும் பதில் சொல்ல ஆளிராது. நான் அம்மையாரிடம் ஒன்றைக் கேட்கச் சொன்னேன். ஆர்.டி.ஜி.எஸ். முறையில் 2020 டிசம்பர் முதல் ஆண்டின் எல்லா நாளிலும் இருபத்துநான்கு மணி நேரமும் பணம் அனுப்பலாம். பணம் கணக்கில் இருக்குமானால் அவர் இப்போதே அனுப்பலாமே. இல்லையேல் வரைவோலையைத் திங்கட்கிழமை காலை கிளைக்குக் கொண்டுவரட்டும்.

"திங்கட்கிழமை வருகிறேன்" என்று சொல்லிப் போனவர் திரும்ப வரவில்லை. அந்த வரைவோலை போலிதான் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. லாரிக்காரர் மட்டும் காத்திருப்புக் கூலி கேட்டு வாசலில் சற்று நேரம் சத்தம் போட்டாராம்.

இதே போன்று, பணம் வந்துவிட்டதாகக் காட்டும் குறுஞ்செய்தியும் பொய்யாக இருக்கலாம். உங்கள் கணக்கின் இருப்பை நீங்களே பார்த்து உறுதி செய்யாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று யாரேனும் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு எவரும் ரகசிய எண்ணை இட வேண்டியதில்லை.

ரொக்கம் வேண்டுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஒரே பரிமாற்றத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பல நாளில் பல தவணையாக வாங்கினாலும் பரிமாற்றம் ஒன்றே. தண்டத்தொகை பெற்ற தொகைக்குச் சமம். அதைக் கட்ட வேண்டியவர் பணத்தை வாங்கிக்கொண்டவர்.

வரியைப் பற்றி அம்மையாருக்கு அச்சம் இருந்தது. 6,500க்கு வாங்கியதை இருபது லட்சத்துக்கு மேல் விற்றால் மூலதன ஆதாயம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார். சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் கார் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை; ஆகவே ஆதாயத்துக்கு வரி இல்லை. நகை, ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. காரைத் தொழிலின் கணக்கில் காட்டித் தேய்மானம் கழித்திருந்தால் கதை வேறு; அத்தகையோர் தம் தணிக்கையாளரைக் கேட்க வேண்டும்.

டிசம்பர் முதல் வாரத்தில் புனேயிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். காரின் கீழே படுத்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். அவருடைய ஓட்டுநர் உரிமத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் அமர்ந்து சென்றார். என்ஜின் நன்றாகச் சூடானபின் எண்ணெய் அழுத்தம் இறங்குகிறதா என்பதையே அவர் திரும்பத் திரும்பக் கவனித்தார் என்று மெக்கானிக் மகிழ்ச்சியோடு சொன்னார். பத்தொன்பதில் தொடங்கிய பேரம் 22 லட்சத்தில் முடிந்தது. இரண்டு லட்சம் முன்பணம் வங்கி வழியே வந்தது. எந்தத் தேதிக்குள் மீதி, தவறினால் முன்பணம் யாருக்கு என்பதைக் கையொப்பமிட்ட ரசீதில் எழுதிக்கொண்டார்கள்.

பட்டறைச் செலவு போக அம்மையாருக்கு நின்றது 18,60,000. வணிகரின் முதல் விலையைவிட 11,60,000 அதிகம். ஒன்பது மாத அலைச்சல் அதற்கு விலை. மூல என்ஜின் கராஜில் இல்லாமல் போயிருந்தால், அந்த ஒன்பது லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நானே சொல்லியிருப்பேன்.

பெயர் மாறும் வரை

மீதி 20 லட்சமும் ஆர்.டி.ஜி.எஸ். வழியே வந்தபின் படிவம் 29, 30 ஆகியவற்றில் இருவரும் கையொப்பமிட்டார்கள். தேதியும் நேரமும் குறித்து, கார் ஒப்படைக்கப்பட்டதற்கான சீட்டு ஒன்றையும் எழுதிக்கொண்டார்கள். பலர் வெற்றுப் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் விற்பனையைத் தெரிவிக்கும் கடமை விற்றவருக்கு உண்டு. வேறு மாநிலத்துக்குச் செல்லும் கார் என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். கெடு 45 நாள்.

கார் பலமுறை கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பணம் வங்கியில் சேர்ந்த பின்னும் எண்பத்தொரு வயது அம்மையார் மேல் அந்தப் பொறுப்பு நின்றுகொண்டிருந்தது. மகள் வாரம் ஒருமுறை பரிவாகன் தளத்தில் பார்த்து வந்தார். காப்பீட்டையும் வாங்கியவர் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பு தானாகத் தொடராது. காரின் பாஸ்டேக் கணவரின் பெயரில் எங்கள் வங்கியிலேயே இருந்தது. கார் கிளம்பும் முன்பே அதை மூடினோம். மீதமிருந்த 312 ரூபாய் கணக்குக்குத் திரும்பியது.

இருபத்துமூன்றாம் நாள் பெயர் மாறிவிட்டதாக மகள் செய்தி அனுப்பினார். மறுநாள் அம்மையார் ஊன்றுகோலோடு கிளைக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்கு ஜனவரியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கான தொகையைச் சேமிப்புக் கணக்கில் விட்டு, மீதியை மாதவட்டி தரும் நிலை வைப்பாக்கும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். அவர் கையொப்பமிடுமுன் நியமனதாரர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, இதில் எத்தனை பெயர் எழுதலாம் என்று கேட்டார். நவம்பர் முதல் நால்வர் வரை எழுதலாம், யாருக்கு எவ்வளவு விழுக்காடு என்றும் குறிக்கலாம் என்றேன். மகளுக்கு அறுபது, மகனுக்கு நாற்பது என்று எழுதச் சொன்னார்.

"அறுபது லட்சம் என்று சொன்னான் அல்லவா, அவனுக்கு நாற்பது போதும்" என்று சிரித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.